பழைய மேசைக்கணினியில் ப்ரொசெசர் மாற்றிய பின் வரும் கோளாறுகள்: கண்டறிந்து சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மலையகத்து வீடுகளிலும் ரியூஷன் வகுப்புகளிலும் கொமியூனிகேஷன் கடைகளிலும் ஓடிக்கொண்டிருக்கும் மேசைக்கணினிகள் பல, கொழும்பிலோ கண்டியிலோ பாவித்த நிலையில் வாங்கப்பட்டு, பஸ்ஸிலோ ரயிலிலோ மேலே கொண்டுவரப்பட்டவை. கோர் 2 டுவோ காலத்துப் பெட்டிகளும், இன்டெலின் இரண்டாம், மூன்றாம் தலைமுறை ஐ3 பெட்டிகளும் இவற்றில் அடிக்கடி கண்ணில் படுகின்றன. புதிய கணினி வாங்க வசதியில்லாத ஒரு குடும்பம், ப்ரொசெசரை மட்டும் மாற்றி இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம் என்று எண்ணுவது நியாயமானதே; பொருத்தமான போர்டில் (தாய்ப்பலகையில்) பொருத்தமான ப்ரொசெசர் அமர்ந்தால் அதன் பலன் தெளிவாகத் தெரியும். ஆனால் மாற்றிய அன்றே திரை இருண்டு போனால், விற்றவர் போர்டைக் குறை சொல்வார், ஊரில் திருத்துபவர் ப்ரொசெசரைக் குறை சொல்வார், மீண்டும் கொழும்பு பம்பலப்பிட்டிக்குப் போய்வரும் செலவு வாங்கியவர் தலையில் விழும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க உங்களிடம் ஏற்கெனவே நம்பகமான ஒரு கருவி இருக்கிறது. அது நீங்கள் கழற்றி வைக்கப்போகும் பழைய ப்ரொசெசர்தான். இதே போர்டில் அது நேற்றுவரை வேலை செய்தது என்பது உங்களுக்கு உறுதியாகத் தெரியும். வேறெந்தப் பாகத்தைப் பற்றியும் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே எந்தக் கட்டத்திலும் பழையதை மீண்டும் பொருத்திப் பார்க்கக்கூடிய வகையில் வேலையை ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும். பழையதைக் கொடுத்துப் புதியதன் விலையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு, புதியது சில வாரங்களாவது பிழையின்றி ஓடும்வரை சம்மதிக்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ப்ரொசெசர், போர்டில் தனக்கென உள்ள இருக்கையான சொக்கட்டில் சரியாக அமர்கிறது என்பதாலேயே அது வேலை செய்யும் என்று ஆகிவிடாது. 2004இல் வந்த எல்ஜிஏ 775 சொக்கட்டில் பென்டியம் 4, பென்டியம் டி, கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் ஆகிய எல்லாமே அமரும்; ஆனால் 945 சிப்செட் (போர்டின் துணைச் சில்லுத் தொகுதி) கொண்ட ஆரம்பகாலப் போர்டுகள் பலவற்றின் மின்னழுத்தச் சீராக்கி கோர் 2 வகைக்குத் தேவையான மின்னழுத்தத்தைத் தராது. எல்ஜிஏ 1155 சொக்கட்டில் 2011இல் வந்த இரண்டாம் தலைமுறையும் 2012இல் வந்த மூன்றாம் தலைமுறையும் ஒன்றுபோலவே பொருந்தும். இருந்தாலும் எச்61 போர்டுகள் மூன்றாம் தலைமுறையை ஏற்பதற்குப் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும், கியூ65, கியூ67 சிப்செட்டுகளுக்கோ அந்த ஆதரவு அதிகாரபூர்வமாக இல்லை. டெல் ஒப்டிப்ளெக்ஸ் 790, 7010 ஆகிய இரண்டும் பார்வைக்கு நெருங்கிய உறவாகத் தெரிந்தாலும், முதலாவது கியூ65 என்பதால் இரண்டாம் தலைமுறையோடு நின்றுவிடும், கியூ77 கொண்ட இரண்டாவதில்தான் ஐ5-3470 போன்றவை ஓடும். இதேபோல, 2017இன் பிற்பகுதியில் வந்த எட்டாம் தலைமுறை ப்ரொசெசர்கள் எல்ஜிஏ 1151 சொக்கட்டிலேயே அமர்ந்தாலும், அதற்கு முந்திய 100, 200 தொடர் போர்டுகளில் இயங்குவதில்லை.

எனவே முதல் படியாக, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, போர்டின் மாதிரிப் பெயரையும் பயாஸ் பதிப்பு எண்ணையும் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பெட்டியைத் திறந்து, போர்டின் மூலையில் அச்சிடப்பட்டிருக்கும் ரெவ் (திருத்தப் பதிப்பு) எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஒரே பெயருள்ள போர்டின் வெவ்வேறு ரெவ் எண்களுக்கு வெவ்வேறு ஆதரவுப் பட்டியல்கள் இருப்பதுண்டு. தயாரிப்பாளரின் தளத்தில் உள்ள அந்தப் பட்டியலில் நீங்கள் விரும்பும் ப்ரொசெசரின் பெயர் இருக்கிறதா என்பதோடு, எந்தப் பயாஸ் பதிப்பிலிருந்து அது ஏற்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது மின்தேவை. செலரன் 430 ப்ரொசெசரின் வெப்ப அளவு 35 வொட். அதே சொக்கட்டில் அமரும் கியூ6600இன் ஆரம்ப வகைக்கு 105 வொட், எஸ்எல்ஏசிஆர் என்று மேலே பொறிக்கப்பட்ட பிந்திய வகைக்கு 95 வொட். செலரனோடு வந்த மெல்லிய அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் தகட்டுத் தொகுதி) அந்தச் சூட்டைத் தாங்காது என்பதால், நடுவில் செப்புத் துண்டு உள்ள ஹீட்சிங்கையும் சேர்த்தே வாங்குங்கள். சொக்கட்டைச் சுற்றி நிற்கும் மின்தேக்கிகளின் தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அந்தப் போர்டில் பணம் போடவே வேண்டாம். குறைந்த வொட்டில் ஒருவாறு சமாளித்த போர்டு, கூடிய வொட்டில் கைவிட்டுவிடும்.

திரையில் தெரியும் படம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். எல்ஜிஏ 775 காலத்தில் கிராஃபிக்ஸ் போர்டின் சிப்செட்டில் இருந்தது, ஆகவே ப்ரொசெசர் மாற்றத்தால் அது பாதிக்கப்படாது. பிற்காலத்தில் அது ப்ரொசெசருக்குள் சென்றுவிட்டது. ஐ5-750, ஐ5-3350பி, சியோன் ஈ3-1230 போன்றவற்றில் அந்தப் பகுதி கிடையாது. விலை மலிவாகக் கிடைக்கிறதே என்று இவற்றை வாங்குபவர்கள், தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாவிட்டால் நல்ல ப்ரொசெசரையே பழுதானது என்று முடிவுசெய்துவிடுவார்கள்.

வாங்கும்போது ப்ரொசெசரின் முதுகில் பொறிக்கப்பட்ட எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். இன்டெல் கொன்ஃபிடென்ஷியல் என்று இருந்தால் அது பரிசோதனைக்காக வெளியிடப்பட்ட மாதிரி. உங்கள் பயாஸ் அதை ஏற்கும் என்று நம்ப முடியாது. சொக்கட் 771க்கு உரிய சியோன் ப்ரொசெசரில் ஸ்டிக்கர் ஒட்டி 775 போர்டுக்கு ஏற்றதாக விற்கிறார்கள். சொக்கட்டின் பிளாஸ்டிக்கை வெட்டவும் பயாஸை மாற்றியமைக்கவும் தெரிந்தவர்களுக்குத்தான் அது சரிவரும். முதல் தடவை மாற்றுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையிலேயே ஒரு போர்டில் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி, அந்தத் திரையையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் வாக்குவாதம் வந்தால் அந்தப் படம் இருவருக்கும் உதவும்.

பழைய ப்ரொசெசர் இருக்கும்போதே பயாஸை மாற்றுதல்

பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருந்தால், அது பழைய ப்ரொசெசர் பொருத்தப்பட்டிருக்கும்போதே முடிய வேண்டும். புதியதை அடையாளம் தெரியாத பயாஸ், அதைக் கொண்டு கணினியைத் தொடக்கவே மாட்டாது. தொடங்காத கணினியில் பயாஸைப் புதுப்பிக்கவும் முடியாது. எச்61 போர்டுகள் சிலவற்றில், மனேஜ்மென்ட் எஞ்சின் எனப்படும் துணை மென்பொருளையும் 7ஆம் தொடரிலிருந்து 8ஆம் தொடருக்கு உயர்த்திய பின்னரே மூன்றாம் தலைமுறை ஏற்கப்படும், ஆகவே பதிவிறக்கப் பக்கத்தில் தரப்பட்ட வரிசையைத் தாண்டிக் குதிக்கக் கூடாது.

புதுப்பிப்பு நடக்கும் சில நிமிடங்களில் மின்சாரம் போனால் போர்டு முடங்கிவிடலாம். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகலானால் இடிமின்னல் கிளம்பும் நமது பகுதிகளில் இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். யூபிஎஸ் இல்லாவிட்டால், அயலில் கேட்டாவது ஒன்றை அன்றைக்கு வாங்கி வையுங்கள். அதன் பற்றரி உண்மையில் தாங்குகிறதா என்று பிளக்கைக் கழற்றி முன்கூட்டியே சோதித்துப் பாருங்கள். புதுப்பித்த பின் பயாஸின் இயல்பு அமைப்புகளை ஏற்றி, பழைய ப்ரொசெசரோடு ஒரு நாளாவது ஓட்டிப் பார்க்க வேண்டும். பயாஸ், ப்ரொசெசர் இரண்டையும் ஒரே அமர்வில் மாற்றியவருக்குக் கோளாறு எதிலிருந்து வந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

கழற்றுதலும் பொருத்துதலும்

குளிர் காலையில், ப்ரொசெசரிலிருந்து ஹீட்சிங்குக்குச் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், பல ஆண்டுகள் பழைமையானால் இறுகிப்போய் இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்2, ஏஎம்3 போர்டுகளில் ஹீட்சிங்கை நேராக இழுத்தால், லீவர் பூட்டியிருக்கும்போதே ப்ரொசெசரும் அதோடு ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வந்து, கால்கள் வளைந்துவிடும். ஆகவே கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிய பிறகு, ஹீட்சிங்கை மெதுவாக இடமும் வலமும் திருகி விடுவிக்க வேண்டும். இன்டெலின் தள்ளுமுனை வகை ஹீட்சிங்கில், ஒவ்வொரு முனையையும் அம்புக்குறி காட்டும் திசையில் திருப்பி மேலே இழுத்தால் கழலும்; மீண்டும் பூட்டுவதற்கு முன் நான்கையும் எதிர்த்திசையில் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும்.

விறகு அடுப்பு உள்ள வீடுகளில், குறிப்பாகச் சமையலுக்கும் படிப்புக்கும் இடம் பிரிக்க முடியாத லயன் வீடுகளில், ஹீட்சிங்கின் தகடுகளுக்கிடையே படிவது வெறும் தூசி அல்ல. புகையின் பிசுக்கோடு சேர்ந்து இறுகிய படலம். ஊதினால் அது போகாது. விசிறியைக் கழற்றி எடுத்து, பழைய பல் துலக்கும் தூரிகையாலும் ஐசோப்ரொப்பைல் அல்ககோலாலும் தேய்த்துக் கழுவி, முழுமையாக உலரவிட்ட பின்னரே பூட்ட வேண்டும். சூடு கூடுகிறது என்று வரும் முறைப்பாடுகளில் பல, இந்தப் படலத்தை அகற்றியவுடனே தீர்ந்துவிடுகின்றன.

எல்ஜிஏ வகைச் சொக்கட்டில் ஊசிகள் இருப்பது போர்டில். மூடியைத் திறந்ததும், கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். எல்லா ஊசிகளின் முனையும் ஒரே வரிசையில் மின்ன வேண்டும், ஒன்று மட்டும் வேறு கோணத்தில் மின்னினால் அது வளைந்திருக்கிறது. புதிய ப்ரொசெசரின் மூலையில் உள்ள தங்க முக்கோணத்தையும் பக்கவாட்டு வெட்டுகளையும் சொக்கட்டோடு ஒப்பிட்டு, நேராகக் கீழே வைத்து விட்டுவிட வேண்டும். தள்ளவோ நகர்த்தவோ கூடாது. லீவரை அழுத்தும்போது சற்றுப் பலம் தேவைப்படுவதும் மெல்லிய நெரிசல் ஒலி வருவதும் இயல்பானவை. ஒரு பட்டாணி அளவு தெர்மல் பேஸ்ட் நடுவில் போதும். தள்ளுமுனைகளை மூலைவிட்டமாக இரண்டிரண்டாக அழுத்தி, போர்டின் பின்புறத்தில் நான்கும் வெளிவந்திருக்கின்றனவா என்று பார்த்த பின்னரே நிமிருங்கள்.

அடைமழை நாளில் பெட்டியைக் குளிரான இடத்திலிருந்து அடுப்பெரியும் அறைக்குக் கொண்டுவந்தால், உலோகப் பாகங்களில் நீர்த்துளி படியும். ஓரிரு மணித்தியாலம் திறந்தே வைத்து அறையின் சூட்டுக்கு வரவிட்ட பின் மின்சாரம் கொடுக்க வேண்டும்.

திரை இருண்டே இருந்தால்

இங்கேதான் பொறுமை தேவை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, என்ன நடந்தது என்று தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறை கை வைப்பதற்கு முன்பும் சுவரில் பிளக்கைக் கழற்றி, தொடக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து மீதி மின்னேற்றத்தை வெளியேற்ற வேண்டும்.

முதலில், சொக்கட்டுக்கு அருகில் உள்ள நான்கு அல்லது எட்டு முனை 12 வோல்ட் இணைப்பைப் பாருங்கள். அதைச் செருக மறந்தால் விசிறிகள் எல்லாம் சுழலும், விளக்கும் எரியும், திரையில் மட்டும் எதுவும் வராது. ஹீட்சிங்கைக் கழற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறதென்று இதை உருவிவிட்டு மறப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. அதன் பின், மொனிட்டர் கேபிள் தனிக் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்க வேண்டுமா, போர்டில் இருக்க வேண்டுமா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது படி, பயாஸ் நினைவை அழித்தல். போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு, மீண்டும் போட வேண்டும்; அதற்கென உள்ள ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பி எங்கே என்று தெரிந்தால் அதையும் பாவிக்கலாம். பழைய ப்ரொசெசருக்காகச் சேமிக்கப்பட்ட அமைப்புகள் புதியதற்குத் தடையாக நிற்பதுண்டு. பத்து ஆண்டு பழைய போர்டில் அந்தப் பற்றரியே செத்திருக்கும் என்பதால், 3 வோல்ட் காட்ட வேண்டிய அது மல்டிமீற்றரில் வெகுவாகக் குறைந்து காட்டினால் புதிது போட்டுவிடுங்கள். அழித்த பின் முதல் தடவை கணினி ஒருமுறை அணைந்து தானாகவே மீண்டும் எழும்பினால் பயப்பட வேண்டியதில்லை.

மூன்றாவது படி எனக்கு மிகவும் பிடித்த சோதனை, ஏனெனில் அதற்கு ஒரு சிறிய போர்டு ஸ்பீக்கரைத் தவிர வேறெதுவும் தேவையில்லை. ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கணினியைத் தொடக்குங்கள். பீப் ஒலி வந்தால், ப்ரொசெசர் உயிரோடு இருக்கிறது, பயாஸைப் படித்து இயக்குகிறது, ரேம் இல்லை என்று முறையிடவும் செய்கிறது என்று பொருள். அப்போது தேடலை ரேம் பக்கமும் கிராஃபிக்ஸ் பக்கமும் திருப்பலாம். ஒலியே வராவிட்டால், ப்ரொசெசர் கட்டளைகளை இயக்கத் தொடங்கவே இல்லை என்பதே பெரும்பாலும் காரணம்: பயாஸ் அதை ஏற்கவில்லை, ஊசி தொடவில்லை, 12 வோல்ட் வரவில்லை, அல்லது ப்ரொசெசரே பழுது. ஸ்பீக்கர் நல்லதா என்பதைப் பழைய ப்ரொசெசரோடு இதே சோதனையைச் செய்து முன்கூட்டியே தெரிந்துகொண்டிருந்தால் இந்த விடை முழு மதிப்புப் பெறும்.

ஒலி வந்தால், ஒரே ஒரு ரேமை எடுத்து, அதன் தங்க விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு ரேம் ஸ்லொட்டிலும் மாறிமாறிப் போட்டுப் பாருங்கள். மூடுபனி புகும் வீடுகளில் அந்த விளிம்பு மங்கிப்போவது வழக்கம். ஒரு பக்கத்து ஸ்லொட்டில் மட்டும் ரேம் ஏற்கப்படவில்லை என்றால், அது பெரும்பாலும் ரேமின் குற்றமல்ல. எல்ஜிஏ 1156 முதல் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி ப்ரொசெசருக்குள்ளேயே இருப்பதால், ப்ரொசெசர் சொக்கட்டில் ஓர் ஊசி வளைந்தாலோ, ஹீட்சிங்க் ஒரு பக்கமாக இறுகினாலோ, அந்தப் பக்கத்து ரேம் காணாமல் போகும். ஹீட்சிங்கைத் தளர்த்திச் சமமாகப் பூட்டிப் பாருங்கள். பிறகும் அப்படியே இருந்தால் ஊசிகளை மீண்டும் பரிசோதியுங்கள். வளைந்த ஊசியை, ஈயம் எடுத்த மெக்கானிக்கல் பென்சிலின் முனையால் சிறிது சிறிதாக நிமிர்த்தலாம். பலமுறை வளைத்தால் முறிந்துவிடும் என்பதால் ஒரே திசையில் மிகக் குறைவாகவே அசைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்து பலனில்லாவிட்டால், பழைய ப்ரொசெசரைப் பொருத்துங்கள். அது உடனே ஓடினால் போர்டும் ரேமும் பவர் சப்ளையும் பழைய ப்ரொசெசரின் அளவுக்காவது நன்றாகவே இருக்கின்றன. சிக்கல் பெரும்பாலும் புதிய ப்ரொசெசரிலோ, அதை ஏற்காத பயாஸிலோதான் இருக்கும். ஆதரவுப் பட்டியலில் பெயரும் இருந்து, பயாஸ் பதிப்பும் சரியாக இருந்தால், ப்ரொசெசரைத் துணிவோடு திருப்பிக் கொடுக்கலாம். பழையதும் ஓடவில்லை என்றால், விற்றவரை அழைப்பதற்கு முன் நிறுத்துங்கள்: கழற்றிப் பொருத்தும்போது நமது கையால் ஏதோ குலைந்திருக்கிறது. ஊசிகள், 12 வோல்ட் இணைப்பு, ரேம், சொக்கட்டுக்குள் விழுந்த பேஸ்ட் ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள்.

இரண்டு விநாடி ஓடி அணைந்து, மீண்டும் தானாக எழும்பி, இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும் கணினி தனி வகை. பயாஸ் ஏற்காமை இதற்கு ஒரு காரணம். ஹீட்சிங்க் தொடாமை இன்னொன்று. ஆனால் கூடிய வொட்டுக்கு மாறியவர்கள் பவர் சப்ளையையே முதலில் சந்தேகிக்க வேண்டும். பெரிய எண் அச்சிட்ட மலிவான பவர் சப்ளை, அந்த எண்ணில் பாதியைக்கூடத் தராமல் போகலாம். நம்பகமான வேறொன்றை ஒரு மணித்தியாலம் இரவல் வாங்கிச் சோதிப்பதே நேர்வழி.

படம் வந்த பின்

தொடங்கும்போது யூகோட் லோடிங் எரர் என்று காட்டி எஃப்1ஐ அழுத்தச் சொன்னால், பயாஸ் இந்த ப்ரொசெசரை அரைகுறையாகவே அறிந்திருக்கிறது. விண்டோஸ் வரை சென்றாலும் அப்படியே விட்டுவிடாமல் பயாஸைப் புதுப்பியுங்கள். விசிறி எரர் என்று வந்தால், விசிறியின் வயர் சிபியு ஃபேன் என்று குறிக்கப்பட்ட இடத்தில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேகம் குறைவாகக் காட்டுகிறதே என்று கவலைப்படுபவர்கள் பலர். 3.2 கிகாஹேர்ட்ஸ் ஐ5-3470, வேலையில்லாதபோது 1.6க்கு இறங்குவது மின்சாரத்தைச் சேமிப்பதற்காகத்தான். ஏதாவது பாரமான வேலையைக் கொடுத்தும் அது உயராவிட்டால்தான் கோளாறு. அப்போது வெப்பத்தைப் பாருங்கள்.

வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, ப்ரொசெசருக்கு முழுப் பாரத்தையும் கொடுக்கும் பிரைம்95 மென்பொருளை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். இன்டெல் ப்ரொசெசரில் வெப்பம் 80 பாகை செல்சியஸுக்குள் நின்றால் நல்லது; 90ஐத் தாண்டி ஏறினால் நிறுத்தி ஹீட்சிங்கை மீண்டும் பூட்டுங்கள். 100 பாகையை நெருங்கும்போது ப்ரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். நமது உயரத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. சுமார் 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு, ஆகவே அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றும் குறைந்த வெப்பத்தையே அள்ளிச் செல்லும். அறையின் குளிர் அந்தக் குறையை ஈடுசெய்துவிடுவதால் மாலையிலும் இரவிலும் எதுவும் தெரியாது; கதவும் சன்னலும் மூடிய அறையில், அடுப்பு எரியும் வேளையில், பெட்டி சுவரோடு ஒட்டி நிற்கும்போதுதான் தெரியும். சோதனையை அந்த வேளையிலேயே செய்யுங்கள்.

வெப்பம் குறைவாக இருந்தும் பாரமான வேலையின் நடுவே சட்டென அணைந்தால், பவர் சப்ளையும் சொக்கட்டைச் சுற்றிய மின்தேக்கிகளுமே காரணமாக இருக்கலாம். சுவர் இணைப்பையும் விடாதீர்கள். பழைய வயரிங் உள்ள வீடுகளில், வட்டமுனை பிளக்கை அடப்டர் வழியாகச் செருகும்போது எர்த் எனப்படும் புவித்தொடுப்பு அறுந்துபோவதுண்டு. பெட்டியின் உலோகத்தைத் தொடும்போது மெல்லிய அதிர்வு தெரிந்தால், வேறெதற்கும் முன் மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு அதைச் சரிசெய்ய வேண்டும்.

விண்டோஸ் வழமையாகவே ப்ரொசெசர் மாற்றத்தை ஏற்றுக்கொள்ளும், மறுபடி நிறுவத் தேவையில்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக எட்டாம் தலைமுறையிலிருந்தே தொடங்குகிறது, அதன் 24எச்2 பதிப்போ கோர் 2 ப்ரொசெசர்களில் தொடங்கவே தொடங்காது. ஆகவே கியூ9550 வரை உயர்த்தினாலும் அந்தப் பெட்டிக்குப் பொருத்தமானது லினக்ஸ் மின்ட் போன்ற ஓர் இயங்குதளம்தான். இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கணினியாக இருந்தால், கையில் உள்ள பணத்தை முதலில் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கும் 8 கிகாபைற் ரேமுக்கும் செலவிட்டு, மிச்சம் இருந்தால் மட்டும் ப்ரொசெசரைத் தேடிப் போங்கள்.